பாசிப்பயறு மாவும் பார்லர் ஃபேஷியலும்

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால், சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜவுளி எடுக்கப் போகிறவர்களோடு பார்லருக்குப் போகிற கல்யாணப் பெண்ணும் அவளுக்குத் துணையாக ஒரு சித்தியும் இருப்பார்கள். வீட்டில் பத்து நாளாக நலங்கு மாவுக் குளியல் நடந்துகொண்டிருக்கும். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து இரண்டு தடவை தேய்த்திருப்பாள். பார்லரில் அக்கா கேட்பதோ, "ஃப்ரூட் ஃபேஷியலாம்மா, கோல்டு ஃபேஷியலா?" என்று மட்டும்தான். வீட்டில் என்ன பூசினாய் என்று அவர் கேட்பதில்லை. சொன்னால் திட்டுவாரோ என்று இவளும் வாய் திறப்பதில்லை. வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டு வைத்தியமா, பார்லரா என்று பட்டிமன்றம் நடத்துவது பழைய கதை. இன்று பெரும்பாலோர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். ஆகவே பார்க்க வேண்டியது அந்தச் சேர்க்கையைத்தான். அது முகத்துக்கு எந்த அளவுக்கு உதவுகிறது, எந்த இடத்தில் கெடுக்கிறது?

முதலில் வீட்டுப் பக்கம். தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர, இளம் வயதில் ஏறக்குறைய 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற அது இன்னும் நீளும். மேல்தோலின் மேல் ஒரு மெல்லிய அமிலப் படலம் இருக்கிறது. அதன் பி.எச். அளவு சுமார் 5. குளியல் சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்பது. அதிலும் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் சோப்பு சரியாக நுரைக்காமல் தோலில் திப்பியாகப் படியும். முகம் இழுத்துக்கொண்டது போலிருக்கும். பாசிப்பயறு மாவு எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. பாட்டிமார் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. தயிரும் அப்படித்தான். அதிலுள்ள லாக்டிக் அமிலம் 1 சதவீதத்தை ஒட்டியது. கடையில் விற்கும் அமிலக் கிரீம்களில் 5 முதல் 10 சதவீதம்கூட இருக்கும். தயிர் மெதுவாக வேலை செய்யும், மெதுவாகவே தவறும் செய்யும். தினசரி வேலையான கழுவுதல், ஈரம் காத்தல், வெயில் மறைத்தல் மூன்றும் வீட்டில்தான் நடக்க முடியும். நிலக்கோட்டைச் சந்தைக்காக விடியுமுன் மல்லிகை பறிக்கக் குனிந்து, வெயில் ஏறிய பின் நிமிர்கிற பெண்ணுக்கு மாதம் ஒரு ஃபேஷியலைவிட தினம் ஒரு சன்ஸ்கிரீன் மேல்.

பார்லரின் பலம் வேறு. ஆவி பிடித்துத் தோலை இளக்கி, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளைச் சுத்தமான கருவியால் எடுப்பதை வீட்டுக் கண்ணாடி முன் நகத்தால் செய்தால் தழும்புதான் மிஞ்சும். மசாஜில் ரத்த ஓட்டம் கூடும், பேக்கில் ஈரம் ஏறும், இறந்த செல்கள் போனதும் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பும். ஃபேஷியல் முடிந்து எழுந்ததும் தெரிகிற பளபளப்பு அதுதான். பொய் இல்லை, ஆனால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். பகலில் படுக்கவே வாய்க்காத ஒரு பெண், கண்ணை மூடி ஒரு மணி நேரம் யாரோ தன் நெற்றியைத் தடவிக் கொடுக்கக் கிடக்கிறாள் என்பதையும் வரவில் எழுத வேண்டும்.

ஆனால் 'கோல்டு' என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்த வரவு கிடையாது. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது அரிது என்பது தோல் மருத்துவத்தில் ஒரு பொது விதி. தங்க ரேக்கு மேலே மினுங்கிவிட்டுக் கழுவும்போது போய்விடும். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2001-க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்ததும் இதே தங்கத்தைத்தான்.

இரண்டும் சேரும்போது கிடைக்கும் நன்மை, வேலைப் பங்கீடு. பார்லர் எடுத்த கரும்புள்ளி திரும்ப அடைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டு வேலை. தினம் பார்ப்பதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் மாற்றத்தைச் சுட்டிக்காட்டுவது பார்லர் அக்காவின் வேலை. இந்தப் பங்கீடு ஒழுங்காக நடந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடப்பது அதுவல்ல. இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஞாயிறு சர்க்கரை ஸ்கிரப், புதன் காபித்தூள் ஸ்கிரப், சனிக்கிழமை பார்லரில் இன்னொரு ஸ்கிரப், அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த பிளீச். நாலு வாரத்தில் தானாக உதிர வேண்டியதை ஒரே வாரத்தில் உரித்தெடுக்கிறோம். வெள்ளைத் தோல் என்றால் உடனே சிவந்து எச்சரிக்கும். நம் மாநிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. புண்பட்ட தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரந்து, இரண்டு வாரம் கழித்துக் கருமையாகக் கணக்குத் தீர்க்கும். அதற்குள் தேய்த்தது மறந்துபோயிருக்கும். "வெயில்ல கறுத்துட்டே" என்பார்கள். கறுத்ததை எடுக்க இன்னொரு பிளீச் போடுவார்கள். செக்குமாடு போல இந்த வட்டத்திலேயே வருடக்கணக்கில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சேர்க்கையின் பெரிய குறை இதுதான் என்பேன்.

இரண்டாவது குறை, வீட்டில் செய்தால் பாதகமில்லை என்ற நம்பிக்கை. நலங்கு மாவில் பலரும் சேர்க்கும் கார்போக அரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிச் சிகிச்சையில் அதைக் கொடுத்து வெயிலோ புற ஊதா ஒளியோ காட்டுவார்கள், நிறம் ஏறுவதற்காக. நிறம் குறைய வேண்டும் என்று பூசி, சரியாகக் கழுவாமல் வெயிலில் நின்றால் நேர் எதிரான பலன்தான் வரும், கொப்பளமும் கூடவே வரலாம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு சுமார் 2. அதைத் தோலில் பூசுவது, பார்லரில் போடத் தயங்க வேண்டிய அமிலத்தை அளவே இல்லாமல் வீட்டில் போடுவதற்குச் சமம். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் கொடுப்பதோ பல நேரம் பூலாங்கிழங்காக இருக்கிறது.

மூன்றாவது, வீட்டுக் கணக்கிலும் பார்லர் கணக்கிலும் வராத மருந்துக்கடை டியூப். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின் மூன்றும் கலந்த கிரீமை அக்கம்பக்கத்தார் சொல்லி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் எரியும், பரு பொங்கும். இந்த முகத்துக்கு மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயரே வைத்திருக்கிறார்கள். 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் ஆணையிட்டும் பழக்கம் நிற்கவில்லை. அப்படி மெலிந்த தோலில் ஆவி பிடித்தால் என்ன ஆகும்? டிரெடினாயின் போடுகிறவளின் மேலுதட்டில் வேக்சிங் செய்தால் முடியோடு தோலும் வரும். பழி பார்லர் மேல் விழும்.

பெயர் தெரியாத வெள்ளை கிரீம்கள் இன்னும் மோசம். 2023-இல் கேரளத்தின் கோட்டக்கல்லில், இளம் வயதினர் பலருக்குச் சிறுநீரகம் பழுதானதன் பின்னால் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்கள் இருந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்டதிலிருந்து பாதரசம் என்றால் என்ன என்று திண்டுக்கல் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையில் எதிர்த்ததையே சமவெளியில் முகத்தில் பூசிக்கொள்வது விந்தை.

இத்தனைக்கும் அடியில் கிடப்பது 'கலர்' என்ற ஒரு சொல். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் கேள்வி மாறவில்லை. சுத்தமான முகம் வேண்டும் என்றால் மேற்சொன்ன பங்கீடே போதும். கலர் வேண்டும் என்றால் எந்தக் கையாலும் ஆகாது. அந்த ஆசைதான் இரண்டு கையையும் அளவு மீற வைக்கிறது.

படிப்பில்லாத பார்லர்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலைப் பயிற்சி இருக்கிறது. சில வாரம் கற்றுக்கொண்டு கடை திறக்கவும் முடிகிறது. ஆனால் ஓராண்டு படித்தவருக்கும் வாடிக்கையாளர் சொல்லாத டியூப் தெரியப்போவதில்லை. பார்லர் வேலைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. கன்னத்து மங்கு தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கூடும். ஊசி வைத்துச் செய்யும் எதுவும் பார்லர் வேலை அல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பாவில் ரத்தம் எடுத்துச் செய்த ஃபேஷியலால் எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-இல் பதிவு செய்தது. மங்குக்கும் விடாத பருவுக்கும் 2022-இல் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

மற்றபடி இந்தச் சேர்க்கையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஃபேஷியலுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் வீட்டு ஸ்கிரப்பும் எலுமிச்சையும் அமிலக் கிரீமும் ஓய்வெடுக்கட்டும். கல்யாணத்துக்கு முதல் ஃபேஷியல் ஒரு மாதம் முன்பே நடக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆற நாள் வேண்டும். பூசுகிற எல்லாவற்றையும் பார்லர் அக்காவிடம் ஒப்பித்துவிடுவது வெட்கமில்லை.

பஸ்ஸில் போன பெண்ணிடம் நான் சொல்ல நினைப்பது இன்னும் எளிது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிளீச் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், மாலையில் நலங்கு. அத்தையும் மாமியும் வரிசையாக வந்து கன்னத்தில் மஞ்சள் தடவுவார்கள், உரித்த தோலில் அது எரியும், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தைமார் கையைத் தடுக்க எந்த ஊரிலும் முடியாது. கடைசிப் பார்லர் தேதியைப் பத்து நாள் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.