கதவடைத்துக் கூறிய தீர்ப்பு

மாண்டவரைச் சாட மாவீரம் எதற்கு என்பர் சிலர். 1956 பிப்ரவரி 25 அன்று, ஸ்டாலின் மறைந்து மூன்றாண்டு முடியுமுன், மாஸ்கோ மாநாட்டில் குருஷேவ் ஆற்றிய உரைக்கு அது பொருந்தாது. தனிமனித வழிபாட்டைத் தகர்த்த உரையன்றோ அது!

ஆயினும், படித்துப் பாருங்கள் தோழர்களே! கொல்லப்பட்ட கட்சிக்காரருக்காகக் குமுறுகிறார், சரி. நிலம் பறிகொடுத்த உழவருக்கு, 1932-33 பஞ்சத்தில் மடிந்த இலட்சோப இலட்சம் ஏழையருக்கு ஒரு சொல் உண்டா? முப்பதுகளில் மாஸ்கோவிலும், பின்னர் உக்ரைனிலும் கட்சியை நடத்தியவர் யார்? இதே குருஷேவ்! தம் பங்கு பற்றி வாய் திறந்தாரில்லை. குற்றவாளி ஒருவரே, கூட இருந்தோர் குற்றமற்றோர்! இப்படியும் ஒரு தீர்ப்பா?

1961இல் ஸ்டாலின் உடல் லெனின் கல்லறையினின்று அகற்றப்பட்டது, உலகறிய. அவ்வுரையோ, சோவியத்து மக்களுக்கு அச்சில் கிடைத்தது 1989இல்தான்.