பெட்டாஃப்ளாப்பும் காயல்பட்டினத்து மழையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டியது ஏறத்தாழ 95 செ.மீ. மழை. வானிலைத் துறையின் அளவுகோலில் 20.4 செ.மீ.யைத் தாண்டினால் எல்லாமே ‘அதி கனமழை’தான். எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசும் ஒன்றிய அரசும் மோதிக்கொண்டன. 2024 செப்டம்பரில் புணேயில் வானிலை முன்னறிவிப்புக்கான ‘அர்கா’ சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டபோது பெருமையாகச் சொல்லப்பட்டது 11.77 பெட்டாஃப்ளாப் என்ற எண்; நொடிக்கு எத்தனை கணக்கு என்று சொல்லும் அளவு அது. அந்த எண் எவ்வளவு பெறும்?

அர்காவுக்குள் மாயச் சில்லு எதுவும் கிடையாது. சர்வர்களில் ஓடும் பொதுவான ப்ராசஸர்கள்தான், ஆயிரக்கணக்கில். வரைபடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார்கள். ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக் காற்றைக் கணக்கிட ஒட்டப்பிடாரத்தின் எண்களும் வேண்டும். கணக்கின் ஒவ்வொரு கால அடியிலும் துண்டுகள் தங்கள் ஓரத்து எண்களை அண்டைத் துண்டுகளுக்குத் தந்தாக வேண்டும். ப்ராசஸர்கள் கூடக் கூடத் துண்டு சிறுக்கும். கணக்கு வேலை பரப்பளவோடு குறையும்; கொடுக்கல் வாங்கலோ சுற்றளவோடு மட்டுமே குறையும். கடைசியில் ப்ராசஸர்கள் கணக்கிடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிஞ்சும். பிரிக்க முடியாத வேலை 5 விழுக்காடு இருந்தாலே, எத்தனை ஆயிரம் ப்ராசஸர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967-இல் வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு இது. கணக்கையே பெரிதாக்கினால் இந்தத் தடை தளரும் என்று 1988-இல் ஜான் குஸ்டாஃப்சன் பதில் சொன்னார். வானிலையில் அது பொருந்தும். நுணுக்கம் கூட்டக் கூட வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அதற்கும் விலை உண்டு. வரைபடத்தின் 12 கி.மீ. கட்டத்தை 6 கி.மீ. ஆக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும், கால அடியும் பாதியாகும். ஆக, தோராயமாக 8 மடங்கு வேலை. முந்தைய சூப்பர் கம்ப்யூட்டரான ‘பிரத்யூஷ்’ 4 பெட்டாஃப்ளாப். அர்கா அதைப்போல் மூன்று மடங்குகூட இல்லை. ஆனாலும் 2025 மே மாதம் 6 கி.மீ. ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ வந்துவிட்டது. மீதியில் ஒரு பங்கை ஈட்டித் தந்தது சில்லு அல்ல, முன்னறிவிப்பு மாதிரியில் புகுத்திய புதிய எண்முகக் கட்ட அமைப்பு. விழா மேடையில் இதை யார் பேசுகிறார்கள்?

இன்னொரு குறையை எந்த ப்ராசஸரும் தீர்க்காது. மழை திரண்டு வருவது கடல்மேல். அளவீடுகள் மெலிந்திருப்பதும் அங்கேதான்.

ஆகவே, அர்கா தேவையான செலவு. பெட்டாஃப்ளாப் தவறான அளவுகோல். 2023 டிசம்பர் 16-ஆம் தேதித் தரவைக் கொடுத்து ஓட்டினால் காயல்பட்டினத்துக்கு அது எத்தனை செ.மீ. காட்டுகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.