துப்பறிவாளரின் திறன்களும் சாட்சியின் அச்சமும்: பாத்திரமேற்பு விளையாட்டு விதிகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்துவது பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். கதைமாந்தர் எதைச் செய்ய வல்லவர் என்பதை அவருக்கு வகுக்கப்பட்ட திறன்கள் வரையறுக்கின்றன. எனவே, துப்பறிவாளருக்கு எத்திறன்களை அளிப்பது என்னும் முடிவு, துப்பறிதல் என்றால் என்ன என்ற வினாவிற்கான விடையாகவும் அமைகிறது. அவ்விடை கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை போன்ற ஒரு களத்திற்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டறிதல் என்னும் திறன்

1981-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ விளையாட்டில் மறைந்திருப்பதைக் காணுதல், நூலகத்தில் தேடுதல் முதலிய திறன்கள் விழுக்காட்டளவில் தரப்படுகின்றன. பகடை பொய்த்தால் தடயம் கிட்டாது, கதையும் தேங்கிவிடக்கூடும். இக்குறையைக் களைய ராபின் லாஸ் ‘கம்ஷூ’ விதிமுறையை வடிவமைத்தார். அதன்படி, உரிய திறனுடையவர் உரிய இடத்தில் தேடினால் அடிப்படைத் தடயம் பகடையின்றியே கிடைக்கும். தடயத்திற்குப் பொருள் காண்பதே ஆட்டக்காரரின் பணியாகிறது.

தமிழ்த் துப்பறியும் கதைகளிலும் இவ்வேறுபாடு உண்டு. தேவனின் சாம்பு கூர்நோக்கால் வெல்பவர் அல்லர். தடயம் தற்செயலாக அவரை வந்தடைகிறது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். தம்மை நம்பி வந்தவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதால், உண்மையை அறிவதோடு அவர்கள் பொறுப்பு முடிவதில்லை. இக்கடமை விளையாட்டு விதிகளில் போதிய இடம் பெறவில்லை.

கள்ளக்குறிச்சிக் களம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியதால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழக்கு முதலில் சி.பி.சி.ஐ.டி. வசமும், அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சி.பி.ஐ. வசமும் சென்றது.

அருந்துபவரால் மெத்தனாலை எளிதில் பிரித்தறிய இயலாது. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. ஆய்வகச் சோதனை அதனை உறுதிசெய்துவிடும். வேதியியல் திறனின் பணி அத்துடன் முடிகிறது. எங்கிருந்து வந்தது, யார் விற்றது, யார் கண்டும் காணாதிருந்தது என்பவையே எஞ்சும் வினாக்கள். விற்பவர் யார் என்பது வாங்குவோருக்கு மறைபொருள் அன்று. ஆகவே இங்குத் தடை தடயம் மறைந்திருப்பதில் இல்லை. அறிந்தவர் வாய் திறக்க அஞ்சுவதில் உள்ளது.

கல்வராயன் மலையில் இது மேலும் கூர்மையடைகிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாராய ஊறல்களைத் தேடிக் காவல்துறை ஏறிச்செல்லும் மலையும் இதுவே. இத்தகைய இடத்தில் வினாக்களுடன் வரும் அயலார் எவரும் ஐயத்துடன் நோக்கப்படுவது இயல்பு. பேசியவர் அதே ஊரில்தான் தொடர்ந்து வாழ வேண்டும்; கேட்டவரோ மலையிறங்கிச் சென்றுவிடுவார்.

விதிகளின் போதாமை

கம்ஷூவில் ஆறுதல் கூறல், அச்சுறுத்தல், பேரம் பேசுதல் முதலிய மனிதத் தொடர்புத் திறன்கள் உள்ளன. ஆட்டக்காரர் பொருத்தமானதைப் பயன்படுத்தினால் சாட்சி பேசுவார். பேசியபின் அவருக்கு நேர்வது ஆட்ட நடத்துநரின் விருப்பத்திற்கே விடப்படுகிறது. சாட்சி ஒரு பூட்டாகவும் திறன் அதன் சாவியாகவும் கருதப்படுகின்றன.

இதற்கு மாற்றாக ‘நம்பிக்கை ஈட்டல்’ என்றொரு திறனை வகுக்கலாம். அதனைப் பயன்படுத்தினால் செய்தி தவறாது கிடைக்கும். ஆனால் துப்பறிவாளர் அச்சாட்சிக்குக் கடன்பட்டவராவார். சாட்சியின் பெயர் வெளிப்பட்டால் அவ்வூரில் எவரிடமும் அத்திறன் மீண்டும் பயன்படாது. இது ஆட்டத்தின் விரைவைக் குறைக்கும் என்று மறுக்கலாம். எனினும், எதை வெளியிடுவது, எதை மறைத்துக் காப்பது என்னும் தேர்வு, பகடை வீச்சைவிட ஆழ்ந்த நெருக்கடியை ஆட்டக்காரருக்கு அளிக்கும்.

முடிவுரை

பகடை சார்ந்த விதிகள் ‘கண்டறிய முடியுமா?’ என்று கேட்டன. கம்ஷூ ‘கண்டதன் பொருள் என்ன?’ என்று கேட்டது. ‘சொன்னவரை யார் காப்பது?’ என்பது கள்ளக்குறிச்சி போன்ற களம் எழுப்பும் மூன்றாம் வினா. இவ்வினாவிற்கு இடமளிக்காத திறன் பட்டியல், துப்பறிவாளரை வல்லவராக்கினாலும் பொறுப்புள்ளவராக்காது.