கடல் கடந்தும் வாசற்படி கடவாதவள்

ப. சிங்காரம் எழுதி 1959 இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ என்னும் நாவல் பெரும்பாலும் நம் பினாங்கிலேயே நிகழ்கிறது. ஜப்பான் சரணடைந்தபின் இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பும் செல்வம், முதலாளி வானாயீனாவின் மகள் மரகதத்தை விரும்புகிறான். துப்பாக்கி ஏந்தியவன் வட்டித் தொழிலுக்கு உதவான் எனக் கருதி அவர் மறுக்கிறார். தந்தை சொல்லே தீர்ப்பாகிறது.

கடைத்தெருவையும் யுத்தத்தையும் ஆசிரியர் தீட்டியிருக்கும் வன்மையை நாம் மெச்சுகிறோம். எனினும் ஒன்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்: கடல் கடந்ததனால் மரகதத்துக்குக் கிடைத்த நலம் யாது? ஆடவனுக்குப் பொருளும் போரும். பெண்ணுக்கோ ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய அதே அடுப்பங்கரையும் அடக்கமுமே. நாவலும் செல்வத்தின் துயரைத் தொடர்கிற அளவுக்கு அவள் மனத்தினுள் தங்கவில்லை.

மலாயாத் தமிழ்ப் பெண்ணின் முழுக் கதை இதுவாகுமா? 1943 இல் தோட்டத்துப் பெண்கள் பலர் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தனர். பால்மரம் சீவிய பெண்களின் உழைப்பையோ சட்டமே குறைத்து மதித்தது. 1920களின் இறுதியில் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீடு திரும்பிச் சமைத்துப் பிள்ளை வளர்த்ததற்கு ஒரு காசுமில்லை.

போர்முனை சென்ற ஆடவனை ஒரு தந்தை ஒதுக்கியது நாவலாயிற்று. படையிலிருந்து திரும்பிய பெண்ணை ஊரார் எப்படி ஏற்றார்கள் என்பதும் எழுதத்தக்கதன்றோ? அன்பர்கள் இந்நூலை அவசியம் வாசிக்க வேண்டும். முடித்தபின், மரகதத்தின் பக்கம் நின்று ஒருமுறை சிந்திக்கவும் வேண்டும்.