முசுட்டு எஸ்பியும் பயந்த டிஎஸ்பியும்

2023 ஜூன் மாதம். 'பொன்னியின் செல்வன் 2' ஓடி ஓய்ந்து, மாதக் கடைசியில் வரவிருந்த 'மாமன்ன'னுக்காக எல்லாரும் காத்திருந்த நேரம். நடுவில் ஜூன் 9 அன்று சத்தமில்லாமல் வந்தது 'போர் தொழில்'. இயக்குநர் விக்னேஷ் ராஜாவுக்கு முதல் படம். போஸ்டரில் சரத்குமார், அசோக் செல்வன். டூயட் கிடையாது, குத்துப்பாட்டு கிடையாது. குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறதே என்றுதான் மாமா பையனோடு போனேன். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கக்கூட எழுந்திருக்க மனசு வரவில்லை. அப்படி ஒரு படம்!

திருச்சி சுற்றுவட்டாரத்தில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். விசாரிக்க வருபவர் எஸ்பி லோகநாதன். அனுபவசாலி, சரியான முசுடு. அவரிடம் மேலதிகாரி ஒரு பயிற்சி டிஎஸ்பியை ஒப்படைக்கிறார். அந்தப் பையன் பிரகாஷ், குற்றவியல் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் உள்ளுக்குள் நடுங்குகிறவன். லோகநாதனுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை.

ஒட்டாத இரண்டு போலீஸ்காரர்களை ஒரே ஜீப்பில் ஏற்றிவிடும் கதை ஹாலிவுட்டில் பழசுதான். 1987-ல் 'லெத்தல் வெப்பன்', 1998-ல் 'ரஷ் ஹவர்' என்று உலகமே கைதட்டிய ஜோடிகள் உண்டு. நம் போலீஸ் படங்களில் ஹீரோ ஒருவர்தான். பக்கத்தில் தொந்தியோடு ஒரு கான்ஸ்டபிள், சிரிப்புக்குத் தனி டிராக். இங்கே அந்த கான்ஸ்டபிளே இல்லை. பிரகாஷ் படித்ததை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், லோகநாதன் முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் ஒரு பார்வை பார்ப்பார். தியேட்டரே வெடித்துச் சிரித்தது. கொலைகாரனைத் தேடும் கதையில், வயிற்றில் பயம் உருளும்போதே சிரிப்பும் வருகிறது. இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்த விக்னேஷ் ராஜாவுக்கும், கூட எழுதிய ஆல்ஃபிரட் பிரகாஷுக்கும் எழுந்து நின்று கைதட்டலாம்!

சரத்குமாரை என்ன சொல்ல! 1992-ல் 'சூரியன்' படத்தில் மொட்டைத் தலையோடு அடித்து நொறுக்கியவர். அதே 2023-ல் 'வாரிசு'வில் அப்பா, 'பொன்னியின் செல்வ'னில் பெரிய பழுவேட்டரையர். லோகநாதனாக அவர் குரலைக்கூட உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வரியை மென்று துப்பினால் போதும், எதிரில் நிற்பவன் ஆடிப்போகிறான். அசோக் செல்வன் இன்னும் பெரிய காரியம் செய்திருக்கிறார். ஹீரோ பயப்படுகிறான் என்பதை மறைக்கவே இல்லை. பயத்தோடேயே அடுத்த அடியை எடுத்து வைக்கிறான். அந்த நடுக்கத்தைப் படம் ஒரு இடத்திலும் கேலி செய்துவிட்டுப் போகவில்லை. இதற்காகவே இந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன்.

எங்கள் தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு பிரகாஷ் இன்னும் கொஞ்சம் நெருக்கம். டிஎஸ்பிகள் பயிற்சி பெறும் போலீஸ் அகாடமி வண்டலூரைத் தாண்டி ஊனமாஞ்சேரியில்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், உள்ளே எத்தனை பிரகாஷ்கள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு, முதல் சடலத்தை நினைத்து வியர்த்துக்கொண்டிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

நிகிலா விமலின் வீணா பாத்திரத்துக்கு இன்னும் நாலு காட்சி தந்திருக்கலாம். ஜேக்ஸ் பிஜாயின் பின்னணி இசையோ, தேவையான இடத்தில் மட்டும் முதுகைத் தொடுகிறது.

அப்புறம் சரத்பாபு. 'அண்ணாமலை', 'முத்து' என்று ரஜினியோடு நின்ற அந்தப் பண்பான முகம். மே 22 அன்று காலமானார். மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் அவர் திரையில் வந்ததும் அரங்கம் கப்சிப். அவர் இதில் யார், என்ன செய்கிறார் என்று ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வராது. அவர் வரும் காட்சிகளில் பார்ப்பவர் நெஞ்சு படும் பாட்டை நீங்களே பட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதும் மாமா பையன் லோகநாதன் பார்வையை என்மேல் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு வந்து சேர்வதற்குள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாகிவிட்டது. படம் அப்படித்தான் வாய்வழியாகப் பரவியது. ஆகஸ்டில் சோனி லிவ்வில் வந்ததும் வீட்டில் அத்தனை பேரையும் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். முடிவு தெரிந்தும் அதே இடங்களில் சிரிப்பு, அதே இடங்களில் திடுக்! இந்த ஜோடிக்கு இன்னொரு கேஸ் கொடுங்கள் விக்னேஷ் ராஜா. முதல் நாள் முதல் காட்சிக்கு வெற்றி வாசலில் நிற்கிறோம்.