புளூஸ் இசையும் வரலாற்று வாசிப்பும்

வரலாற்று நூலையும் அரசியல் நூலையும் தேடிப் படிக்கும் பழக்கமுடையோர் இசையைப் பெரும்பாலும் ஓய்வு நேரத்திற்குரிய பொருளாகவே கருதுகின்றனர். நூல் அறிவுக்கு, பாட்டு இளைப்பாறுதற்கு என்று இரண்டுக்கும் நடுவே சுவரெழுப்பிக் கொள்வது கற்றோரிடையே இயல்பாகிவிட்ட வழக்கம். ஆயின், அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த புளூஸ் இசையைப் பொறுத்தவரை அச்சுவர் என்றுமே உறுதியாக நின்றதில்லை. வரலாற்றுத் துறையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ், 1903-ஆம் ஆண்டில் 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டபோது, இயல்களின் முகப்பில் அடிமை மக்களின் துயரப் பாடல்களின் இசைக்குறிப்புகளைச் சொற்கள் இல்லாமல் அச்சிட்டார். எண்ணிக்கைகளையும் சட்டங்களையும் எடுத்துரைக்கும் நூலுக்கு இசைக்குறிப்பு எதற்கு? சான்றாகவா, அணியாகவா? இவ்வினா இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

புளூஸ் என்னும் சொல் மனச்சோர்வைக் குறிப்பது. அதனால் இவ்விசையைத் தமிழர் ஒப்பாரியோடு ஒப்பிட்டு அமைதியடைவோர் உண்டு. ஒப்புமை பாதியளவே பொருந்தும். ஒப்பாரி இழவு வீட்டிற்குரியது. புளூஸோ சனிக்கிழமை இரவில் ஆடலுக்கும் குடிக்கும் கூடிய கூட்டத்தின் நடுவே பாடப்பட்டது. துயரத்தைச் சொல்லிக்கொண்டே காலை ஆடவைப்பது. முதலடியைப் பாடுவர், அதனையே மீண்டும் பாடுவர், மூன்றாம் அடியில் விடை சொல்வர். அவ்விடை பல வேளைகளில் நகைப்பாகவே இருக்கும். குரல் ஓய்ந்த இடைவெளியில் கிட்டார் மறுமொழி கூறும். மூன்றாவதும் ஏழாவதுமாகிய சுரங்கள் தத்தம் இடத்தினின்றும் சற்றே தாழ்ந்து ஒலிக்கும். பன்னிரண்டு தாளக் கட்டத்துக்குள் அடங்கும் இந்தச் சிறிய யாப்பு, 1920-இல் மாமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு பெருவிற்பனை கண்ட பிறகு அமெரிக்காவெங்கும் பரவிற்று.

இவ்விசையை முதன்முதலில் ஏட்டில் எழுதி அச்சேற்றியவர்களுள் ஒருவர் டபிள்யூ. சி. ஹேண்டி. 1941-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிறுவயதில் அவர் பணம் சேர்த்து ஒரு கிட்டார் வாங்கிவந்தார். சமய போதகரான தந்தை அதனைத் தீயோர் கருவியெனச் சினந்து, கடைக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கு ஈடாக ஓர் அகராதியைப் பெற்றுவரச் செய்தார். நூலா, பாட்டா என்ற வழக்கு ஒரு வீட்டின் முற்றத்திலேயே நடந்து முடிந்ததை இதனினும் தெளிவாக வேறொரு நிகழ்ச்சி காட்டாது. தந்தையின் தீர்ப்பு தவறு என்பதை மகனின் வாழ்க்கை மெய்ப்பித்தது. அகராதியால் கெடுதல் விளைந்ததாகவும் தெரியவில்லை.

பாட்டு வரலாற்றுக்குச் சான்றாகும் விதத்தை ஆராய 1927-ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைவிடச் சிறந்த களம் இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மௌண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் ஆற்றின் காப்புக்கரை உடைந்தது. ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் நீரில் மூழ்கிற்று. 600,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். இவ்வரலாற்றை ஜான் பேரி 1997-இல் வெளியிட்ட 'பெருகும் நீர்' என்னும் பொருள்படும் நூல் விரித்துரைக்கிறது. அந்நூலின் உயிர்நிலை கிரீன்வில் நகரைப் பற்றிய பகுதி. கரைமேல் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் கூடாரங்களில் கிடந்தனர். அவர்களை ஏற்றிச் செல்லப் படகுகள் வந்தன. ஏற்றிச் செல்லவில்லை. பருத்தித் தோட்டங்களில் குத்தகைக்குப் பயிரிட்டு, அறுவடையில் பாதியைக் கொடுத்தும் தோட்டக் கடையின் கடன் தீராமல் உழன்ற மக்கள் அவர்கள். ஒருமுறை ஊரைவிட்டுப் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று நிலக்கிழார்கள் அஞ்சினர். அதனால் துப்பாக்கி ஏந்திய காவலின்கீழ் அவர்கள் கரையிலேயே நிறுத்தப்பட்டு வேலை வாங்கப்பட்டனர்.

நிவாரணக் குழுவின் தலைவராக இருந்த வில் பெர்சி ஒரு கவிஞர். மக்களை வெளியேற்றவே அவர் எண்ணியிருந்தார். குழு உறுப்பினர்கள் திடீரென மனம் மாறினர். மாற்றியவர் தம் தந்தையே என்பது தந்தை மறைந்த பின்னரே தமக்குத் தெரியவந்ததாக அவர் 1941-இல் எழுதிய நினைவு நூலில் குறிப்பிடுகிறார். கவிஞரின் நடை அழகானது. ஆயினும் கரைமேல் கிடந்தவர்களின் குரல் அவ்வழகிய நூலில் இல்லை. அக்குரலைத் தேடும் வாசகர் இசைத்தட்டை நாடுவது இயற்கையே.

இங்கேதான் இடறல் நேர்கிறது. பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'பேக்வாட்டர் புளூஸ்' என்னும் பாடலை இவ்வெள்ளத்தின் நேர்ச்சான்றாகப் பலரும் பல்லாண்டுகள் எடுத்துக்காட்டி வந்தனர். பாடலில் மழை விடாது பொழிகிறது, படகு வருகிறது, வீடிழந்த பெண் மேட்டில் ஏறி நின்று தான் வாழ்ந்த இடத்தைப் பார்க்கிறாள், போக்கிடம் இல்லை என்கிறாள். ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ இடக்கையில் இடிபோல் உருண்டு ஒலிக்கிறது. வெள்ளத்தின் வரலாற்றைப் படித்தவருக்கு இதனினும் பொருத்தமான பாடல் கிடைக்குமா? ஆனால் அப்பாடல் 1927 பிப்ரவரி 17-ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. கரை உடைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே! அதன் பின்னணி 1926 கிறிஸ்துமஸ் காலத்தில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரைச் சூழ்ந்த கம்பர்லாண்டு ஆற்று வெள்ளம் என்பதை டேவிட் எவன்ஸ் என்னும் இசையறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

இப்பிழையைச் சுட்டிக்காட்டியதோடு அமைந்துவிடுவது எளிது. அதற்கப்பாலும் ஒன்று உளது. அப்பாடலில் ஆற்றின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. பெயரில்லாததனாலேயே ஏப்ரலில் வீடிழந்தவர்கள் பிப்ரவரியில் பாடியதைத் தம் பாடலாக ஏற்றுக்கொண்டனர். அவர்கள் ஏமாறவில்லை. நாளை எழுதிவைக்கும் கடமை பாட்டுக்கு இல்லை. தனக்கு நேர்ந்ததை இன்னொருவர் வாயிலாகக் கேட்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு. தவறியவர்கள் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய நூலாசிரியர்களே. இசைத்தட்டின் பதிவு நாளை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும். வரலாற்று மாணவனுக்கு முதல் பாடமாகச் சொல்லப்படுவது அதுவன்றோ?

இதற்கு நேர்மாறானது சார்லி பாட்டன் 1929-இல் இரு பகுதிகளாகப் பதிவு செய்த வெள்ளப் பாடல். அவர் மிசிசிப்பி மண்ணிலேயே வாழ்ந்தவர். பாட்டில் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, கிரீன்வில்லும் வருகிறது. மேட்டுநிலத்திற்குப் போக முயன்றும் தடுக்கப்பட்டதை அவர் பாடுகிறார். பேரியின் நூலைப் படியாதவருக்கு அவ்விடம் ஒரு வழிப்போக்கனின் முணுமுணுப்பாகவே கடந்து போகும். படித்தவருக்கு அது துப்பாக்கியேந்திய காவலை நினைவூட்டும். அதே வேளையில், அக்கரகரத்த குரலும் கிட்டாரின் மரத்தில் தட்டும் ஒலியும் இல்லாமல் படித்தால், 600,000 என்னும் எண் வெறும் எண்ணாகவே நின்றுவிடும். நூலும் பாட்டும் ஒன்றுக்கொன்று தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். எல்லா இடங்களிலும் அன்று.

இவ்வுறவைப் பற்றி மிகத் துணிவாக எழுதப்பட்ட நூல் லீராய் ஜோன்ஸ் 1963-இல் வெளியிட்ட 'புளூஸ் மக்கள்' என்பது. பின்னர் அமீரி பராக்கா எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் இவர். அடிமை குடிமகனாக மாறிய பாதையை அவனுடைய இசையின் மாற்றத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்பது நூலின் அடிப்படைக் கருத்து. அதில் ஒரு பகுதி எத்துணை முறை படித்தாலும் புதுமை குன்றாதது. அடிமைக் காலத்து வேலைப்பாடல் கூட்டத்தின் பாடல். விடுதலைக்குப் பின்னரே கறுப்பின மனிதனுக்குத் தனியே நிற்கும் நேரமும் தனக்கே உரிய துயரமும் கிடைத்தன. அத்தனிமையிலிருந்தே 'நான்' என்று பாடும் புளூஸ் பிறந்தது என்கிறார் ஜோன்ஸ். இலக்கண மாணவர் தன்மை ஒருமை, தன்மைப் பன்மை என்று மனப்பாடம் செய்யும் வேறுபாட்டுக்குள் ஒரு சமுதாயத்தின் விடுதலை வரலாறே அடங்கியிருப்பதைக் கண்டவர் அவர்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே புதின ஆசிரியர் ரால்ப் எலிசன் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். எலிசன் இசை பயின்றவர். டஸ்கீகி கல்விக்கூடத்தில் டிரம்பெட் வாசித்தவர். ஓக்லஹோமா நகரில் புளூஸ் பாடகர்களைக் கேட்டு வளர்ந்தவர். சமூகவியலின் பெருஞ்சுமையைப் பாட்டின் தலையில் ஏற்றினால் பாட்டு நசுங்கிப்போகும் என்பது அவர் மறுப்பின் சாரம். அடிமை அடிமையாக மட்டுமே வாழ்ந்தவனல்லன். அவன் ஆடினான், காதலித்தான், நகைத்தான், கலை செய்தான். அவனை ஒடுக்குமுறையின் விளைவாக மட்டுமே காண்பது அவனை இரண்டாம் முறை குறைப்பதாகும் என்று அவர் வாதிட்டார்.

இருவருள் யார் பக்கம் உண்மை? நடுநிலை என்ற பெயரால் இருவரையும் பாராட்டி ஒதுங்குவது திறனாய்வாகாது. கலையைப் பற்றிய அளவில் எலிசனே சரி. ஜோன்ஸின் நூல் செவியால் கேட்டு எழுதப்பட்ட பக்கங்களில் ஒளிவிடுகிறது. முடிவை முன்னரே வைத்துக்கொண்டு இசைத்தட்டுகளை அதற்கேற்ப அடுக்கும் பக்கங்களில், குறிப்பாகக் கறுப்பின நடுத்தர வகுப்பாரைச் சாடும் இடங்களில், மங்கிவிடுகிறது. போதகரின் மகனாகிய ஹேண்டியைப் போன்றோர் அக்கோட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. எனினும், எலிசனின் கட்டுரை ஒரு சிறந்த மறுப்பு மட்டுமே. ஜோன்ஸின் நூல் ஒரு துறையையே திறந்துவைத்தது. பிழையான பெருநூலும் சரியான சிறு கட்டுரையும் எதிர்ப்படும்போது, வாசகர் இரண்டையும் படித்தே ஆகவேண்டும்.

ஆங்கிலேயரான பால் ஆலிவர் 1960-இல் எழுதிய நூலும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கதே. அமெரிக்க மண்ணை மிதிப்பதற்கு முன்பே, இசைத்தட்டுகளையும் நூல்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு அதனை அவர் எழுதி முடித்தார். உழைப்பு, பயணம், சிறை, நோய், பேரிடர் எனப் பாடல்களைப் பொருள்வாரியாக வகுத்த உழைப்பு வியப்புக்குரியது. ஆனால் வகுத்தபின் பாடல் பட்டியலாகிவிடுகிறது; சிரிப்பு காணாமற்போகிறது.

அரசியல் நாட்டமுடைய வாசகர் புளூஸில் தேடுவது எதிர்ப்புப் பாடலை. அத்தகையவை சிலவே. 1954-இல் ஜே. பி. லெனுவார் அன்றைய அதிபர் ஐசன்ஹோவரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து, வறுமையையும் வரியையும் பாடினார். இசைத்தட்டு நிறுவனம் அஞ்சிப் பெயரையும் சொற்களையும் மாற்றி மீண்டும் பதிவு செய்தது. இவ்வாறானவற்றை விரல்விட்டு எண்ணிவிட்டு, எஞ்சியவை வெறும் காதற்பாட்டு என்று தள்ளுவோர்க்கு ஏஞ்சலா டேவிஸ் 1998-இல் எழுதிய நூலில் தக்க விடை இருக்கிறது. மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் பாடிய பாடல்களின் சொற்களையெல்லாம் காதால் கேட்டு எழுதி, அவர் அந்நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அடிமைக் காலத்தில் கணவனையும் மனைவியையும் தனித்தனியே விற்க முடிந்தது. விருப்பமானவரோடு வாழவும், பிடிக்காதவரை விட்டு நீங்கவும், இரயிலேறி வேற்றூர் செல்லவும் கிடைத்த உரிமையே விடுதலை தந்த முதற் செல்வம். அரசியல் உரிமையும் பொருளாதார உரிமையும் மறுக்கப்பட்ட நிலையில் கைக்கு எட்டியது அதுவே. ஆகவே, காதலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் ஒரு பெண் தன் விருப்பப்படி பாடியதே அரசியல் என்கிறார் டேவிஸ். சில பாடல்களின்மேல் அவர் ஏற்றும் பொருள் அப்பாடல்கள் தாங்கக்கூடியதைவிட மிகுதி. ஆயினும், காதற்பாட்டை ஒதுக்கிவிட்டு வரலாறு தேடுவோரின் செவியை இந்நூல் திருத்திவிடுகிறது.

பெஸ்ஸி ஸ்மித்தின் இறப்பைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் உலவிற்று. 1937 செப்டம்பர் 26-ஆம் நாள் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே நடந்த சாலை விபத்தில் படுகாயமுற்ற அவரை வெள்ளையர் மருத்துவமனை ஏற்க மறுத்ததால் குருதி வடிந்து இறந்தார் என்பது அக்கதை. அவ்வாண்டே ஓர் இசை இதழ் அதனை எழுதிற்று. எட்வர்ட் ஆல்பி அதனை நாடகமாக்கினார். 1960-இல் அந்நாடகம் மேடையேறிற்று. இனக்கொடுமையை வெறுத்தோரும் அவர் பாட்டை நேசித்தோரும் ஒருசேர நம்பினர். கதை அவர்கள் அறிந்த வரலாற்றுக்கு அத்துணைப் பொருத்தமாக இருந்தது. கிறிஸ் ஆல்பர்ட்சன் 1972-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அதனைக் கலைத்தது. அவர் நேராகக் கறுப்பின மக்களின் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லப்பட்டார். அந்நாளில் அந்நாட்டுப் பகுதியில் எந்த ஓட்டுநரும் அவரை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நினைத்திருக்கவே மாட்டார். கதவை மூடியதாகச் சொல்லப்பட்ட கதையைவிட, அக்கதவை யாரும் தட்ட நினைக்காத உண்மையே கொடியது என்பதை நாடகம் தவறவிட்டது.

அம்மருத்துவமனைக் கட்டடம் பிற்பாடு, 1944-இல், கறுப்பினப் பயணிகள் தங்கும் விடுதியாயிற்று. ஊர் ஊராகச் சென்று புளூஸ் பாடியவர்கள் வேறெங்கும் இடம் கிடைக்காமல் அங்கே அறையெடுத்துத் தங்கினர்.