புதல்வற் பயந்த பின்: சங்க அகப்பாடல்களில் மகப்பேற்றுக்குப் பிந்தைய இல்லறக் காமமும் கூற்று உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றை ஒட்டிய காலத்தில் கணவன் மனைவியரிடையே நிகழும் உடல்நெருக்கம் குறித்துச் சங்க அகப்பாடல்கள் சில வெளிப்படையாகப் பேசுகின்றன. மனைவியின் உடல்நிலையே தலைவனின் பரத்தையிற் பிரிவுக்குக் காரணம் என்னும் வழக்கமான விளக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. நற்றிணை 40, 370, ஐங்குறுநூறு 65, 401–404, குறுந்தொகை 359, அகநானூறு 26 ஆகிய பாடல்கள், யார் கூற்றாக அமைந்துள்ளன என்னும் அடிப்படையில் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, கற்பு, கூற்று, பரத்தையிற் பிரிவு, ஊடல், ஐங்குறுநூறு, அகநானூறு.

முன்னுரை

களவில் தொடங்கிக் கற்பில் நிலைபெறும் அகவாழ்வில், மகப்பேறு பெரும்பாலும் இல்லறத்தின் பயனாகவே ஆராயப்பட்டுள்ளது. மகப்பேற்றுக்குப் பின் தலைவன் தலைவியரின் காமம் என்னவாகிறது என்னும் வினா பரத்தையிற் பிரிவு என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகிறது. தலைவி கருவுற்றும் ஈன்றும் கூட்டத்திற்கு உரியவள் அல்லளாயினமையின் தலைவன் பரத்தையை நாடினான் என்பது வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிரிவின் பொறுப்பைப் பிரிந்தவனிடமிருந்து எடுத்து ஈன்றவளின் உடல்மீது ஏற்றுவது இவ்விளக்கம். பாடல்கள் இதற்கு இடம் தருகின்றனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இலக்கணமும் பாடலும்

பரத்தையிற் பிரிந்த தலைவனும் தலைவிக்குப் பூப்புத் தோன்றியபின் பன்னிரண்டு நாள் அவளை நீங்கி உறைதல் ஆகாது என்று தொல்காப்பியக் கற்பியல் வரையறுக்கிறது. உரையாசிரியர்கள் இதனைக் கருத்தரித்தலோடு இயைத்து விளக்குவர். கூட்டம் மகப்பேற்றை நோக்கியது என்னும் கருத்து இந்நெறியின் அடியில் உள்ளது. மகப்பேறு நிறைவேறிய பின் கூட்டத்திற்கு என்ன இடம் என்பதை இந்நூற்பா பேசவில்லை, பாடல்கள் பேசுகின்றன.

கருவுற்ற காலத்தைப் பொறுத்தவரை பாடல்களில் செய்தி குறைவு. குறுந்தொகை 287இல் நீர் சுமந்து ஏறும் மேகத்துக்கு, புளிமேல் வேட்கை கொண்ட முதற்சூல் மகளிர் உவமையாகின்றனர். அங்குச் சூல் உவமையாக மட்டுமே நிற்கிறது; கணவன் மனைவியர் உறவுக்குக் களமாகவில்லை. ஈன்ற பின்னைய காலமே கவிஞர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.

புறத்தார் காட்சி

நற்றிணை 40 பரத்தையின் கூற்று. காவலமைந்த மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவலிருக்க, மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். புதல்வன் செவிலியோடு உறங்குகிறான். ஐயவி அணிந்து நெய்யாடிய தலைவி இமை பொருந்திக் கிடக்கிறாள். அந்த நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல வருகிறான். தன் தந்தையின் பெயரைத் தாங்கும் மகன் பிறந்தமையே வருகைக்குக் காரணம் என்கிறாள் பரத்தை. தன் வீட்டுக்கே கள்வனாய் வருபவன் என்னும் எள்ளல் வெளிப்படை. மகப்பேறு இங்குத் தலைவனை மனைவியிடமிருந்து விலக்கவில்லை. பரத்தையிடமிருந்து மனைக்கு மீட்கிறது. வழக்கமான விளக்கத்தின் திசை இப்பாடலில் நேர்மாறாகிறது.

பேயனாரின் முல்லைப் பாடல்களில் அமைந்த ‘செவிலி கூற்றுப் பத்து’ வேறொரு காட்சியைத் தருகிறது. மகளின் மனைக்குச் சென்று வந்த செவிலி நற்றாய்க்கு உரைப்பவை இவை. 401இல் குட்டியை இடையில் கிடத்திய மான்களைப் போலப் புதல்வன் நடுவே கிடக்கிறான். 402இல் புதல்வனைத் தழுவிய தாயின் முதுகை விருப்பத்தோடு தலைவன் தழுவுகிறான். அந்தக் கிடக்கை பாணரின் யாழிசைக்கு ஒப்பாகிறது. 403இல் காதலியினும் மகன்மேல் தலைவனுக்கு அன்பு பெருகுகிறது. 404இல் அவள் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அவளது சிறுபுறத்தை அவன் தழுவுகிறான். பேயனார் பெயரிலேயே அமைந்த குறுந்தொகை 359இல் இந்நிலை மாறுகிறது: புதல்வனைத் தலைவன் தழுவ, தலைவனின் முதுகைத் தலைவி தழுவுகிறாள்.

இப்பாடல்களில் மகவு பெற்றோரிடையே தடையாக இல்லை. நெருக்கம் நின்றுபோகாமல் வடிவம் மாறுகிறது. எனினும் கூற்றின் நோக்கமும் கருதத்தக்கது. மகள் நலமாக வாழ்கிறாள் என்று தாயைத் தேற்றுவதே செவிலியின் கடமை. ஆகவே அவள் கண்டவை இனிமையாகவே சொல்லப்படுகின்றன. தழுவப்பட்டவள் என்ன உணர்ந்தாள் என்பது செவிலிக் கூற்றுக்குள் வருவதில்லை.

தலைவனின் நினைவு

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனாரின் நற்றிணை 370இல் தலைவன் பாணனிடம் பேசுகிறான். குடிக்கு மகவளித்து, நெய்யும் ஐயவியும் விளங்கக் கிடந்த மனைவியை அணுகி, மகன் பிறந்ததும் பெயர் மாறி முதுபெண்டாகி உறங்குகிறாயோ என்று கேட்டு, அவள் வயிற்றில் குவளை மலரால் ஒற்றியதை நினைவுகூர்கிறான். அவள் நாணமுறுவல் காட்டிக் கையால் கண்களை மறைத்தாள்.

ஈன்ற உடலைக் காமத்தின் எல்லைக்கு வெளியே தள்ளாமல், மலரின் தொடுகையாலும் நகையாலும் மீண்டும் அதனுள் அழைக்கும் காட்சி இது. ஆயினும் அந்த நகையில் இருமுனை உண்டு. முதுமகள் ஆனாய் என்பது விளையாட்டாகவும் ஒலிக்கும். தாய்மை பெண்ணின் இளமையை முடித்துவிடுகிறது என்னும் ஊரார் கருத்தாகவும் ஒலிக்கும். மேலும், தலைவி ஊடல் தணியாத நிலையில், அன்று நகைத்தவள் இன்று மறுக்கிறாள் என்னும் மனக்குறையாகவே இந்நினைவு பாணனிடம் சொல்லப்படுகிறது. தலைவியின் முறுவல் உண்டு, சொல் இல்லை.

தலைவியின் சொல்

ஓரம்போகியாரின் ‘கிழத்தி கூற்றுப் பத்தில்’ அமைந்த ஐங்குறுநூறு 65 அச்சொல்லைத் தருகிறது. புதல்வனை ஈன்ற தன் மேனியைத் தழுவவேண்டாம்; அது உன் மார்பின் பொலிவைச் சிதைக்கும் என்கிறாள் தலைவி. கரும்புக்கென வகுத்த பாத்தியில் ஆம்பல் செழித்து வண்டின் பசியைக் களையும் ஊரன் அவன். மனைக்குரிய வளத்தில் பிறர் செழிப்பதை இவ்வுள்ளுறை சுட்டுவதாகக் கொள்ளலாம். தனித்துப் படிக்கும்போது, ஈன்ற பெண் கூட்டத்தை விலக்குவதற்குச் சான்றாகவே இது தோன்றும்.

அகநானூறு 26 அதனை மாற்றிப் படிக்கச் செய்கிறது. கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி பாடிய இப்பாடல், மயிலாப்பூர்க் கம்பர் விலாசத்தின் வழி இராஜகோபாலையங்கார் அகநானூற்றை அச்சேற்றிய நாள்தொட்டு அறிஞர் கையில் உள்ளது. தலைவி தோழியிடம் கூறுகிறாள்: வேண்டாம் என்று தான் சொல்லியும் விடாமல் தழுவித் தன் மார்பைத் தலைவன் பாராட்டிய காலமும் இருந்தது. இப்போது பால் சுரக்கும் மார்போடு இறுகத் தழுவத் தானே விரும்பினாள். சந்தனம் பூசிய தன் மார்பில் பால் படும் என்று அவன் அஞ்சினான். விரும்புதல் தலைவிக்கு உரிய வினையாகவும் அஞ்சுதல் தலைவனுக்கு உரிய வினையாகவும் இங்கு நிற்கின்றன. விலகியவன் தலைவன், ஈன்றவள் அல்லள்.

இப்பின்னணியில் ஐங்குறுநூற்றுத் தலைவியின் மறுப்பும் தெளிவாகிறது. மார்பு சிதையும் என்பது அவளது அச்சம் அன்று. அகநானூற்றுத் தலைவனிடம் காணப்படும் அச்சத்தை அவனுக்கே திருப்பித் தரும் எதிர்மொழியாக அதனைக் கொள்ள முடியும்.

அகநானூற்றுப் பாடல் இத்துடன் முடியவில்லை. அவன் கை நெகிழ்ந்ததை உணர்ந்த தலைவி, நீர் நல்ல மகளிர்க்கு ஏற்றவர், யாம் இச்செல்வனுக்கு ஏற்றோம் என்று சொல்லி மகனிடம் திரும்புகிறாள். மகன்மேல் தனக்கும் காதல் உண்டென்று சொல்லியபடி தலைவன் பணிந்து அவளது சிறுபுறத்தைத் தழுவுகிறான். பலமுறை உழுத செம்மண் மழைத்துளி ஏற்றதுபோல் அவள் நெஞ்சம் நெகிழ்கிறது.

ஐங்குறுநூறு 404இல் செவிலி கண்ட அதே தழுவல் இது. வெளியிலிருந்து காண்பவளுக்கு அது நிறைவின் காட்சி. தழுவப்பட்டவளின் சொல்லில் அதற்கு முன் ஒரு விருப்பம், ஒரு புறக்கணிப்பு, ஒரு சினம் ஆகியவை உள்ளன. நெகிழ்ந்தமையைக்கூட அவள் வெற்றியாகச் சொல்லவில்லை. தன் நெஞ்சு தன்னைக் கைவிட்டது என்றே சொல்கிறாள்.

முடிவுரை

மகப்பேறு காமத்தை முடிக்கிறது என்பதையோ, ஈன்ற உடலே பிரிவுக்குக் காரணம் என்பதையோ ஆராய்ந்த பாடல்கள் உறுதிப்படுத்தவில்லை. பரத்தை, செவிலி, தலைவன் ஆகியோர் கூற்றுகளில் தலைவி உறங்குபவளாகவும் தழுவப்படுபவளாகவும் முறுவலிப்பவளாகவும் இருக்கிறாள். தன் கூற்றில் மட்டுமே அவள் விரும்புபவளாகவும் மறுப்பவளாகவும் ஆகிறாள். எனவே இப்பொருள் குறித்த ஆய்வுகள் கூற்று யாருடையது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

இது பழம்பாடலோடு நின்றுவிடும் செய்தி அன்று. வளைகாப்புக்குப் பின் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்றும் தொடர்கிறது. பேற்றுக்குப் பின் தம்பதியர் எப்போது சேர்ந்திருக்கலாம் என்பதைத் தாயாரும் மாமியாரும் மருத்துவரும் சொல்கின்றனர். ஈன்றவளின் விருப்பமும் தயக்கமும் அவ்வுரையாடலில் எவ்வளவு கேட்கப்படுகின்றன என்னும் வினாவை அகநானூற்றுத் தலைவி எழுப்பியபடியே இருக்கிறாள்.